அரிசிப் பேசினில் கழுவிய கிளட்ச்

கோணேசர் கோயில் ஏற்றத்தில், பாதி வழியில், பட்டுச்சேலை உடுத்திருந்த மனைவியை மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிப் பின்னால் நின்று தள்ளச் சொன்ன ஆள் நான். இதைச் சொல்ல வெட்கம்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை திருகோணமலையில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

மோட்டார் சைக்கிள் என்னுடையது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது, முந்நூற்றைம்பது சிசி, ஒற்றைச் சிலிண்டர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டி ஓடிப் பழகியவர்கள் இதில் ஏறினால் நேரே மதிலில் போய் முட்டுவார்கள். சீனன்குடாவில் ஓய்வுபெற்ற லிகிதர் ஒருவரின் வீட்டுப் பின்புறத்தில் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்ததை வாங்கி வந்தேன். நாலு வருடம் மினக்கெட்டு அதை ஓட வைத்தேன். முதல் நாள் அது வெடித்துக் கிளம்பியபோது அயல் வீட்டு நாய்கள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தன.

என் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. சல்லியிலிருந்து நிலாவெளி வரை, படகின் பின்னால் பூட்டும் எஞ்சின் எது குழப்படி செய்தாலும் என்னைத்தான் தேடுவார்கள். மூடியைக் கழற்றாமலே சத்தத்தை வைத்து நோய் சொல்லிவிடுவேன் என்று ஒரு பெயர். அந்தப் பெயரைக் கேட்க எனக்கு நல்ல விருப்பம். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஆனால் மனைவி சொல்லுகிற அளவுக்கு இல்லை. நான் திருத்தும் எஞ்சின்கள் எல்லாம் வேறு ஆட்களோடு கடலுக்குப் போய்விடுகின்றன. நான் கரையில் நின்று கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பேன். இந்த ஒன்றுதான் திருத்தியவனையே ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் இதன்மேல் எனக்கு இவ்வளவு பைத்தியம்.

கோயிலுக்குப் போகும் வீதி கோட்டைக்குள்ளால்தான் ஏறுகிறது. அன்று கோட்டை வாசல் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. ஏற்றம் கடுமையாகும் இடத்தில் எஞ்சின் திடீரென்று பெரிய சத்தம் போட்டது. வண்டியோ நின்ற இடத்திலேயே நின்றது. கைப்பிடியை முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடியது. எரிந்த மணம் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பின்னுக்கு உருளத் தொடங்கினோம். இறங்கித் தள்ளும் என்று நான்தான் சொன்னேன். அவள் ஒரு கையால் சேலையையும் மறு கையால் வண்டியையும் பிடித்துக்கொண்டு தள்ளினாள். யாத்திரை வந்த பேருந்து ஒன்று பக்கத்தில் நின்றது. யன்னலுக்கு யன்னல் தொலைபேசிகள் நீண்டன. அவளுடைய செருப்பு வார் ஒன்று அறுந்தது. கோயிலுக்குப் போகாமலே வண்டியைத் திருப்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் நேரே தொலைபேசியை எடுத்தாள். பழைய மோட்டார் சைக்கிள்கள் சேர்க்கும் ஒருவர் கொழும்பில் இருக்கிறார். இதை விற்கச் சொல்லி ஆறு மாதமாக எங்களைக் குடைந்துகொண்டிருந்தார். அவரை அழைத்து, அடுத்த வாரம் சனிக்கிழமை லொறியோடு வரச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். குசினிக்குள் போனவள் திரும்பி வந்து முன்னால் நின்றாள்.

"வாற வெள்ளிக்கிழமை என்னை நடுவில இறக்காமல் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கோ. விட்டால் அது இஞ்சயே நிக்கட்டும். இல்லையெண்டால் சனிக்கிழமை லொறியில ஏறும். இதுக்கு மேல எனக்குக் கதை வேண்டாம்."

எனக்கு ஏழு நாள் தவணை.

கிளட்ச் என்பது பெரிய வித்தை இல்லை. இரும்புத் தட்டும், தக்கைத் துண்டுகள் பதித்த தட்டும் மாறி மாறி அடுக்கி, சுருள்வில்களால் இறுக்கி வைத்திருப்பார்கள். தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகும். வழுக்கினால் சத்தம் மட்டும்தான் மிச்சம். இவ்வளவும் எனக்குத் தெரியும். இவ்வளவுதான் தெரியும் என்பதுதான் சிக்கல். நாங்கள் திருத்தும் படகு எஞ்சின்களில் இந்தத் தட்டு விளையாட்டு இல்லை, பல்லோடு பல் கடிக்கும், படகு ஓடும். மோட்டார் சைக்கிளைத் திருத்திய நாலு வருடத்திலும் கிளட்ச் நன்றாக இருந்தபடியால் அதில் நான் கை வைக்கவில்லை. போன மாதம் அதன் பெட்டிக்குள் எண்ணெய் மாற்றியதோடு சரி.

சனிக்கிழமை கேபிளைப் பார்த்தேன். கேபிள் விறைத்து நின்றால் தட்டுகளைப் பாதி பிரித்தே வைத்திருக்கும், அப்போதும் வழுக்கும். லீவரில் இருக்க வேண்டிய தளர்வு இருந்தது. கேபிளில் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலுள்ள சின்ன வட்ட மூடியை மட்டும் திறந்து, சுருள்வில்களைக் கழற்றிப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒன்று மற்றவற்றைவிடக் கட்டையாகத் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வாசர் வைத்து இறுக்கினேன். அதற்குப் பிறகு லீவரைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது. கடற்கரை வீதியில் ஒரு சுற்றுப் போய் வந்தபோது என் இடது கை விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. கிளட்ச் பழையபடி வழுக்கியது.

அன்று பின்னேரம் பார்த்து மச்சான் வந்து நின்றான். என் மனைவியின் தம்பி, முச்சக்கர வண்டி திருத்தும் கடை வைத்திருக்கிறான். கிளட்ச் தட்டுகளை அவன் பாணுக்குப் பட்டர் பூசுவதுபோல மாற்றுவான். நியாயமாக முதல் நாளே அவனிடம் போயிருக்க வேண்டும். ஆனால் அவன் அக்காவைக் கட்டிய நான், கரையெல்லாம் பேர் எடுத்த நான், அவன் கடை வாசலில் போய்க் கை கட்டி நிற்பதா? நான் மறுபடி கழற்றிப் போட்டிருந்ததை அவன் குனிந்து பார்த்துவிட்டு, அத்தான் எப்போதிருந்து கிளட்ச் டொக்டர் என்று கேட்டான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. படகில் இதைவிடப் பெரிய சாமானெல்லாம் பார்க்கிறவன் நான் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். போகும்போது, வெள்ளிக்கிழமை வேண்டுமென்றால் இழுத்து வரக் கயிறு கொண்டு வாறன் என்று அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை இடப்பக்கப் பெரிய மூடியையே திறந்தேன். உள்ளே இருந்து வந்த மணம் எனக்கு நன்றாகத் தெரிந்த மணம். அது மோட்டார் சைக்கிளின் மணமே இல்லை, என் வேலைத்தலத்தின் மணம். படகு எஞ்சினின் அடிப்பகுதியில், தண்ணீருக்குள் நிற்கும் பல்சில்லுகளுக்கு ஊற்றும் தடித்த எண்ணெய் ஒன்று உண்டு. கிளட்ச் பெட்டிக்கு ஊற்ற வேண்டியது மெல்லிய எஞ்சின் எண்ணெய். போன மாதம் பெட்டிக்குள் நான் ஊற்றியது அந்தத் தடித்த எண்ணெய்தான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எப்போதும் அந்தப் போத்தல்தானே இருக்கும். பல்லும் பல்லும் தேயாமல் வழுக்கட்டும் என்பதற்காகவே செய்த எண்ணெய் அது. இறுகப் பிடிக்க வேண்டிய தட்டுகளுக்கு அதைக் கொடுத்துவிட்டு ஏன் வழுக்குகிறது என்று மூன்று நாளாகத் தேடியிருக்கிறேன். அயலில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு என் தலையில் நானே ஒரு குட்டுப் போட்டேன்.

ஆனாலும் மனதுக்குள் ஒரே குதூகலம். நோய் பிடிபட்டுவிட்டது. இனிக் கழுவிப் பூட்டினால் முடிந்தது. தட்டுகளைக் கழற்றினேன். கழுவ அகலமான ஏனம் ஒன்று வேண்டும். குசினி வாசலில் பெரிய அலுமினியப் பேசின் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. தூக்கி வந்து மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டுகளை ஊறப்போட்டு, தூரிகையால் தேய்த்தேன். எங்கள் கரையில் எதைக் கழுவுவதென்றாலும் மண்ணெண்ணெய்தான். படகு ஓடுவதும் அதில், கை கழுவுவதும் அதில், கறள் கழற்றுவதும் அதில். தட்டுகள் பளபளவென்று வந்தன. வெயிலில் வைத்துக் காய்ந்ததும் பூட்டினேன். வாசர்களையும் எடுத்துவிட்டு, வீட்டில் கிடந்த மெல்லிய எண்ணெயில் மிச்சத்தை ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை உவர்மலை ஏற்றத்தில் விட்டுப் பார்த்தேன். முதல் தரம் சிங்கம்போல ஏறியது. பாட்டுக்கூட வாயில் வந்துவிட்டது. இரண்டாம் தரமும் ஏறியது. மூன்றாம் தரம், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, பாதி ஏற்றத்தில் பழைய சத்தம். கீழே கடைக்காரர் ஒருவர் வெளியில் வந்து எட்டிப் பார்த்தார். நான் வண்டியைத் திருப்பி உருள விட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்த இரவு சோறு இறங்கவில்லை. லொறியில் ஏற்றிக் கயிற்றால் கட்டும் காட்சிதான் கண்ணுக்குள் நின்றது. ஐம்பத்தாறு வயது ஆள் ஒரு இரும்புக்காக இப்படிக் கவலைப்படலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

புதன்கிழமை காலை குசினியிலிருந்து ஒரு சத்தம். என்னைக் கூப்பிடுகிற சத்தம்தான், ஆனால் அதில் அன்பு இருக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குத் தோசை மா அரைத்துக் கொடுக்கிறாள். அவளுடைய தோசை மா என்றால் அந்தக் கடைக்காரர்கள் வேறு கை பார்க்க மாட்டார்கள். நான் கிளட்ச் கழுவிய அந்தப் பெரிய பேசின், அவள் அரிசி கழுவும் பேசின். நான் அதை நன்றாக அலசிக் கவிழ்த்து வைத்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

அவள் பேசினை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளே கொஞ்சத் தண்ணீர் ஊற்றி ஆட்டினாள். தண்ணீர் ஒட்டாமல், முத்து முத்தாகத் திரண்டு ஓடியது.

"ரெண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டன். பாருங்கோ, இன்னும் போகேல்லை. மண்ணெண்ணெய் காயும், போகாது. இது தெரியாமலே நீங்கள் எஞ்சின் திருத்துறீங்கள்?"

அவள் விடாமல் ஏசினாள். தோசையில் மண்ணெண்ணெய் மணம் வந்தால் கடைக்காரர் என்ன சொல்வார், ஒரு வருடமாகச் சேர்த்த பெயர் என்ன ஆவது, எல்லாம் சொன்னாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பேசினைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. வழவழப்பான அலுமினியத்திலேயே இவ்வளவு நிற்கிறது என்றால், தக்கை எவ்வளவு குடித்திருக்கும்? படகு எண்ணெயை நான் கழுவி எடுக்கவில்லை. மண்ணெண்ணெயால் இளக்கித் தக்கைக்குள் இன்னும் ஆழமாக இறக்கிவிட்டிருக்கிறேன். தட்டு ஆறியிருக்கும்போது அது உள்ளே கிடக்கிறது. சூடேறினால் வியர்வைபோல வெளியே வருகிறது. படகு எஞ்சினில் இதனால் ஒரு கேடும் இல்லை, அங்கே எல்லாமே எண்ணெயில் கிடப்பவை. அதனால்தான் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் இது தோன்றுவதில்லை.

அவளிடம் அதைச் சொன்னேன். பாதியிலேயே ஏச்சு நின்றுவிட்டது. அப்போது, அந்தப் பேசின் எதனால் சுத்தமாகும் என்று கேட்டேன். கொதிதண்ணியும் சவுக்காரத் தூளும் தேங்காய்த் தும்பும் என்றாள். மீன் பொரித்த தாச்சிக்கு அப்படித்தான் செய்கிறாளாம். பச்சைத்தண்ணீரில் சும்மா அலசி எண்ணெய் போகுமா என்று என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்:

"போய்க் கழட்டிக்கொண்டு வாங்கோ."

அந்தக் காலையைப்போல ஒரு சந்தோசமான காலை எனக்கு அண்மையில் வாய்க்கவில்லை. கிணற்றடியில் மூன்று கல் வைத்து, பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். நான் தட்டுகளைக் கழற்றிக் கழற்றிக் கொண்டுவந்தேன். அவள் சவுக்காரத் தூளைப் போட்டு, தட்டுகளை அகப்பையால் தாழ்த்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மேல் எண்ணெய் மிதந்து வந்தது, கறிக்குழம்பில் மிதப்பதுபோல. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்துத் தலையோடு தலை முட்டிக்கொண்டோம். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி கொதிக்க வைத்தாள். நாலாம் தரம்தான் தண்ணீர் தெளிந்து வந்தது. நான் தேய்க்கப்போனால் விடவில்லை. எனக்கு அலசத் தெரியாதாம், பேசினில் பார்த்துவிட்டாளாம். தும்பால் ஒவ்வொரு தக்கைத் துண்டாகத் தேய்த்தாள். கடைசியில் ஒரு தட்டை எடுத்து அதன்மேல் தண்ணீர் தெளித்துக் காட்டினாள். தண்ணீர் திரளாமல் பரவி ஊறியது. முகத்தில் ஒரு பெருமை. தோசை நன்றாக வந்த நாட்களில் மட்டும் காணும் முகம் அது.

தக்கை உள்ளுக்குள் காய நேரம் எடுத்தது. வியாழக்கிழமை முழுவதும் கூரைத் தகரத்தில் வெயிலில் கிடந்தன. காகம் தூக்கிவிடும் என்று அவள் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கிளட்ச் தட்டைக் காகம் தூக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் பூட்டி முடித்தேன். பெட்டிக்குள் மெல்லிய எஞ்சின் எண்ணெய், அளவாக. இதற்கென்று கடைக்குப் போய்ப் புதுப் போத்தல் வாங்கினேன். ஒழுங்கை முனைவரை ஒரு தரம் போய் வந்ததோடு சரி, ஏற்றத்தில் விட்டுப் பார்க்க நேரம் இருக்கவில்லை. பின்னேரப் பூசைக்குப் போக அவள் உடுத்து முடித்திருந்தாள். அதே பட்டுச்சேலை. வேறு சேலை இல்லாமல் இல்லை, வேண்டுமென்றே உடுத்தியிருந்தாள்.

கோட்டை வாசலில் என் நெஞ்சு எஞ்சினைவிட வேகமாக அடித்தது. உள்ளே போனதும் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் மச்சானின் முச்சக்கர வண்டி. சொன்னபடியே கயிற்றைத் தெரியும்படி முன்னால் தொங்கவிட்டிருந்தான். வரட்டும், பார்க்கட்டும் என்று கைப்பிடியை முறுக்கினேன். ஏற்றம் தொடங்கியது. வண்டி இழுத்தது. எஞ்சினின் சத்தமும் சில்லின் ஓட்டமும் ஒன்றாகவே கூடின. போன வெள்ளிக்கிழமை நின்ற இடத்தைத் தாண்டினோம். அவள் என் தோளைத் தட்டினாள். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வளைவில் நடு வீதியில் ஒரு புள்ளிமான் படுத்திருந்தது.

எங்கள் ஊர் மான்களுக்கு யாரையும் பயமில்லை. கோட்டைக்குள் அவைதான் வீட்டுக்காரர், நாங்கள் வந்து போகிறவர்கள். ஹோர்ன் அடித்தேன், காதைக்கூட ஆட்டவில்லை. ஒரு பக்கம் பூக்கடைக்கு வந்த ஆட்கள், மறு பக்கம் மேலேயிருந்து இறங்கி வரும் வான். நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. வீதியிலேயே கடுமையான இடம் அது. இடது காலால் பிரேக்கை மிதித்து, வலது காலைத் தரையில் ஊன்றி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆறடியில் மச்சான். உருண்டால் அவன்மேல்தான் போய் விழுவோம். யாரோ வாழைப்பழத் தோலைக் காட்ட, மான் ஆறுதலாக எழுந்து, உடம்பை நெளித்து, ஓரத்துக்குப் போனது.

ஓடுகிற வண்டி ஏறுவது ஒன்று. நின்ற இடத்திலிருந்து இரண்டு பேரோடு ஏற்றத்தில் கிளம்புவது வேறு. கிளட்சுக்கு அதைவிடப் பெரிய சோதனை இல்லை. நடுவில் இறக்கினால் வண்டி போய்விடும் என்பது நினைவில் இருந்தது. ஆனாலும் எல்லோரும் பார்க்க அவளை மறுபடி வெட்கப்பட வைக்க எனக்கு ஏலாது. உருண்டு விழுந்தால் இன்னும் மோசம். கொஞ்சத் தூரம்தான், இறங்கி நடந்து வாரும் என்றேன். லொறியில் போனால் போகட்டும் என்று உண்மையாகவே நினைத்துவிட்டேன்.

அவள் என் இடுப்பை இறுகப் பிடித்தாள்.

"இறங்க மாட்டன். அது நான் கழுவின தட்டு. விடுங்கோ."

விட்டேன். லீவரைத் துளித் துளியாகத் தளர்த்தினேன். எஞ்சின் கொஞ்சம் முனகியது. பிறகு தட்டுகள் ஒன்றையொன்று பிடிப்பது என் உள்ளங்கைக்கே தெரிந்தது. பிரேக்கை எடுத்தேன். ஓர் அங்குலம்கூடப் பின்னுக்கு உருளவில்லை. வண்டி முன்னுக்குப் போனது, எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு மேலே போனது. பின்னால் மச்சான் விடாமல் ஹோர்ன் அடித்தான். கோயில் வாசல் கடைகளுக்கு முன்னால் போய் நிறுத்தும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

இறங்கிச் சேலையைச் சரிசெய்தாள். கும்பிடப் போகுமுன் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, கொழும்புக்காரருக்கு அழைப்பெடுத்தாள். லொறி வேண்டாம், அது விற்கிறதில்லை என்றாள். அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். எப்போதுமே விற்கிறதில்லை என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

கயிற்றைத் தோளில் போட்டபடி வந்த மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன அத்தான் என்று கேட்டான். கிளட்ச் புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவன் குனிந்து எஞ்சினை ஒரு சுற்றுப் பார்த்தான். ஒரு புகையும் இல்லையே அத்தான் என்றான். ஓம், புகை இல்லைத்தான். நான் அழுதுகொண்டு நின்றேன்.